ஸ்விஃப்டை மட்டும் விற்காதீர்கள்

கேள்வி: அண்ணா, எனக்கு வயது 31. திருவொற்றியூரில் சொந்த வீடு, ஆனால் தெரு குறுகல். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. போக வர 44 கி.மீ., வாரத்தில் ஆறு நாள். இப்போது 2015 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட நாளில் இருந்தே ஸ்போர்ட்ஸ் கார் ஆசை. ஒரு டீலரிடம் 2012 மாடல் ஆடி டிடி பார்த்தேன். சிவப்பு நிறம், கர்நாடகா பதிவு, மூன்றாவது ஓனர், 68,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பதினான்கரை லட்சம் சொல்கிறார்கள். ஆடி மாதம் முடிவதற்குள் அட்வான்ஸ் கொடுத்தால் ஐம்பதாயிரம் குறைப்பார்களாம். ஸ்விஃப்டை விற்று, கையிருப்பைப் போட்டு, மீதிக்குக் கடன் வாங்கி, தினமும் இதிலேயே ஆபீஸ் போகலாம் என்று திட்டம். வீட்டில் அம்மா, மனைவி, நான்கு வயது மகள். மனைவி "உங்கள் இஷ்டம்" என்று சொல்லிவிட்டாள். வாங்கலாமா? வாங்கினால் என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: தம்பி, மனைவி "உங்கள் இஷ்டம்" என்றதைச் சம்மதக் கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள். இன்றைக்குச் சாப்பாடு முடிந்தபிறகு அவரிடம் இன்னொரு முறை நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். அது உங்கள் வீட்டு விஷயம், நான் வண்டிக்கு வருகிறேன்.

வாங்கலாம். ஸ்விஃப்டை விற்றுவிட்டு மட்டும் வாங்காதீர்கள். பழைய வண்டி எதுவானாலும் வருடத்தில் சில நாள் ஷெட்டில் படுக்கும். அந்த நாட்களில் அம்பத்தூருக்கு எப்படிப் போவீர்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. வாசலில் ஸ்விஃப்ட் நின்றால், டிடி படுத்தாலும் நீங்கள் நிம்மதியாக "பார்ட்ஸ் வரட்டும்" என்று இருப்பீர்கள். ஸ்விஃப்ட் போய்விட்டால் மூன்றாம் நாளே மெக்கானிக்கைத் திட்ட ஆரம்பிப்பீர்கள். அவசரத்தில் மட்டமான பார்ட்ஸ் போடச் சொல்வீர்கள். நல்ல வண்டிகள் பல இப்படித்தான் வீணாகின்றன.

2009-ல் நானும் ஒரு பழைய டர்போ வண்டி வாங்கினேன். எந்த கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, தப்பு என்னுடையது. கையில் இருந்த பைக்கை விற்றுத்தான் வாங்கினேன். நான்காம் மாதம் டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் பைப் கசிந்தது. ஒரு சாண் நீளம் இருக்கும், அவ்வளவுதான். புதுப்பேட்டை முழுக்கத் தேடினேன், இல்லை. டெல்லியில் சொல்லி வரவழைத்தால் வேறு மாடல் பைப் வந்தது. திருப்பி அனுப்பி, சரியானது வந்துசேர பத்தொன்பது நாள். அந்தப் பத்தொன்பது நாளும் என் வியாசர்பாடி ஷெட்டுக்கு நான் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினேன். வண்டியை ரிப்பேருக்கு விட்டிருந்த கஸ்டமர்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "உங்க வண்டிக்கே பார்ட்ஸ் கிடைக்கலையா" என்று ஒருவர் கேட்டதை இன்னும் மறக்கவில்லை.

சரி, நீங்கள் பார்த்த வண்டியைப் பற்றிப் பேசுவோம். இரண்டாம் தலைமுறை டிடி 2006-ல் இருந்து 2014 வரை தயாரானது. 2012-ல் இங்கே வந்தது இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல், 211 குதிரைத்திறன், ஆறு கியர் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ், நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் குவாட்ரோ. முழு இறக்குமதி வண்டி. இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பேப்பர் வேலையில் திரும்ப வரும்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பார்ட்ஸே கிடைக்காது என்று பலர் பயமுறுத்துவார்கள். டிடி விஷயத்தில் அது பாதிதான் உண்மை. ஆடி, ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் மூன்றும் ஒரே குழுமம். இந்த வண்டியின் அடிப்படை அமைப்பு ஸ்கோடா லாரா காருடையதுதான். லாராவிலும் சூப்பர்பிலும் வந்த 1.8 டிஎஸ்ஐ எஞ்சினும் இந்த எஞ்சினும் ஒரே குடும்பம். அதனால் இக்னிஷன் காயில், சென்சார், வாட்டர் பம்ப், சஸ்பென்ஷன் புஷ் போன்ற பல சாமான்களை ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் பார்ட்ஸ் விற்கும் கடைகளிலேயே தேடலாம். உங்களை அழவைக்கப்போவது ஹெட்லைட், கதவுக் கண்ணாடி, பம்பர், பின்பக்க விளக்கு. அவை டிடிக்கு மட்டுமே உரியவை. மணலி ரோட்டில் ஒரு ட்ரெய்லர்க்காரர் ரிவர்ஸ் எடுக்கும்போது உங்கள் ஹெட்லைட்டைத் தொட்டுவிட்டால், அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடுவார். நீங்கள் வாரக்கணக்கில் காத்திருப்பீர்கள்.

எஞ்சினில் முதலில் பார்க்க வேண்டியது டைமிங் செயின், அதாவது வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் சங்கிலி. இந்தக் குடும்பத்து எஞ்சின்களில், ஏறக்குறைய 2012 வரை வந்தவற்றில், செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் பலவீனமானது. பிறகு கம்பெனியே அதை மாற்றி வடிவமைத்தது. பழைய டென்ஷனர் கைவிட்டால் செயின் பல் தாண்டும், வால்வு பிஸ்டனில் இடிக்கும், எஞ்சினை இறக்க வேண்டியதுதான். உங்கள் வண்டி சரியாக அந்த எல்லைக்கோட்டில் இருக்கிறது. மாற்றியிருந்தால் பில் இருக்க வேண்டும். "மாத்தியாச்சு சார்" என்ற வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை. பில் இல்லையென்றால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். வாங்கிய முதல் வாரமே மாற்றிவிடுங்கள்.

இதைக் காதாலும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். ராத்திரி முழுக்க நின்று ஆறிப்போன எஞ்சினைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது முதல் இரண்டு மூன்று விநாடி டப்பாவில் ஆணி குலுக்கியது போலச் சத்தம் வந்தால் அங்கேயே நில்லுங்கள். விற்பவர்களுக்கும் இது தெரியும். நீங்கள் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஒரு தடவை ஓடவிட்டு வைப்பார்கள். போனவுடன் கைகுலுக்குவதற்கு முன் பானட் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் "நாளைக்குக் காலையில் வருகிறேன், அதுவரைக்கும் யாரும் சாவி போட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். காதை மட்டும் நம்பாமல் ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளுக்கான ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப்போனால், செயின் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதையும் அளவாகவே பார்த்துவிடலாம்.

அடுத்தது ஆயில். இதே எஞ்சின் ஆயில் குடிக்கும். பிஸ்டன் ரிங் வடிவமைப்பில் உள்ள கோளாறு அது. ஆயிரம் கி.மீ.க்கு அரை லிட்டர் வரை குறைவது சகஜம் என்று கம்பெனி கையேடே சொல்கிறது. நம் ஊரில் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை எடுத்துப் பார்க்கும் பழக்கம் ஸ்விஃப்ட்காரர்களுக்கு அறவே கிடையாது, அதற்குத் தேவையும் இருந்ததில்லை. டிடி வாங்கினால் ஞாயிற்றுக்கிழமைதோறும் பாருங்கள். அரை லிட்டருக்கு மேல் குடித்தால் ரிங் வேலைதான், எஞ்சினைப் பிரிக்க வேண்டும். டெஸ்ட் டிரைவில் இதைக் கண்டுபிடிக்க முடியாது. முந்தைய ஓனரிடம் ஆயில் பில்கள் இருக்கிறதா, நடுநடுவே ஒரு லிட்டர் டப்பா வாங்கிய பில் தெரிகிறதா என்று பாருங்கள். சைலன்சர் வாயில் விரலை விட்டுப் பிசுபிசுவென்று ஆயில் கசடு வந்தாலும் சந்தேகப்படலாம்.

எரிபொருளை நேரடியாக சிலிண்டருக்குள் தெளிக்கும் எஞ்சின் என்பதால் இன்டேக் வால்வை பெட்ரோல் கழுவுவதே இல்லை. அதனால் அங்கே கரி படியும். 68,000 ஓடியும் ஒரு தடவைகூட அதைச் சுத்தம் செய்யாமல் இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆனதும் எஞ்சின் கொஞ்சம் நடுங்கும். பயப்பட வேண்டாம், சுத்தம் செய்தால் போய்விடும். விலை பேச உதவும்.

கியர்பாக்ஸ் பற்றி எனக்குக் கொஞ்சம் நல்ல அபிப்பிராயம் உண்டு. டிடியில் இருப்பது ஆயிலில் மூழ்கிய கிளட்ச் உள்ள ஆறு கியர் பெட்டி. இதே குழுமத்தின் சிறிய வண்டிகளில் வந்த ஏழு கியர் உலர் கிளட்ச் பெட்டியைவிட இது எவ்வளவோ தெம்பானது. ஆனால் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றியே ஆக வேண்டும். பின்சக்கரத்துக்கு விசை அனுப்பும் ஹால்டெக்ஸ் கப்ளிங்குக்கும் தனி ஆயில் இருக்கிறது. அதை மாற்றாமலே விட்ட வண்டிகள் நிறைய உண்டு. அப்படி விட்டால் பம்ப் அடைத்துக்கொண்டு, பெயருக்குத்தான் குவாட்ரோ, ஓடுவது முன்சக்கரத்தில் மட்டும் என்று ஆகிவிடும். ஓனருக்கே அது தெரியாது.

இந்த கியர்பாக்ஸ் உங்கள் பாதையில் எப்படி அடிபடும் என்பதுதான் எனக்குக் கவலை. திருவொற்றியூரில் கிளம்பி, சாத்தாங்காடு, மணலி, மாதவரம் ரவுண்டானா, 200 அடி ரோடு, ரெட்டேரி, பாடி என்று போவீர்கள் என நினைக்கிறேன். கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் ஒரு முழம் நகர்ந்து நின்று, மறுபடி ஒரு முழம் நகர்ந்து நின்று என்று போவதில் கிளட்ச் பாதி பிடித்தும் பாதி பிடிக்காமலும் தேய்ந்துகொண்டே இருக்கும். ஆயில் சூடேறும். முன்னால் இரண்டு வண்டி நீளம் இடம் விட்டு, இடம் சேர்ந்ததும் ஒரே மூச்சில் நகர்ந்து நிற்கப் பழக வேண்டும். நீண்டநேரம் நின்றால் நியூட்ரலில் போடுங்கள். இடம் விட்டால் ஆட்டோ நுழைந்துவிடும், தெரியும். நுழையட்டும்.

சாத்தாங்காடு என்றதும் இரும்பு மார்க்கெட் ஞாபகம் வருகிறது. அந்தப் பக்கம் ரோட்டோரம் கம்பித் துண்டு, இரும்புச் சிராய் கிடப்பது புதிதில்லை. ஸ்விஃப்ட் டயரில் ஆணி ஏறினால் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு போகிறீர்கள். டிடி டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பதிலாகக் காற்றடிக்கும் சிறு கம்ப்ரஸரும் ஒட்டுப்பசைப் புட்டியும்தான் வரும். ஆணி ஓட்டைக்கு அது போதும். குழியில் விழுந்து டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் ஒன்றும் செய்ய முடியாது, ரெக்கவரி வண்டிதான். இந்த வகைத் தட்டை டயருக்கு ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே நான்கு விரல் ரப்பர்கூட இருக்காது. ரிம் வளைந்திருக்கிறதா என்று லிஃப்டில் ஏற்றிச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். டயரின் தேதியையும் பாருங்கள். பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், 2318 என்றால் 2018-ம் வருடம் 23-வது வாரம். டயர் பூ நன்றாக இருந்தாலும் ஆறு வயது தாண்டியிருந்தால் நான்கையும் மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பாடி. டிடியில் இது ஒரு தனிக்கதை. செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போகிறவர்கள் பாக்கெட்டில் ஒரு காந்தம் வைத்திருப்பார்கள். ஒட்டாத இடத்தில் பட்டி போட்டு டிங்கரிங் செய்திருக்கிறது என்று அர்த்தம். டிடியில் அந்தக் காந்தத்தை முன்பக்கம் வைத்தால் எங்கேயும் ஒட்டாது. நண்பர் ஒருவர் அப்படி வைத்துப் பார்த்துவிட்டு "முழுக்கப் பட்டி வண்டிடா" என்று என்னைக் கூப்பிட்டார். இந்த டிடியின் உடற்கூட்டில் 69 சதவீதம் அலுமினியம். கதவும் டிக்கியும் பின்பக்கத் தரையும்தான் இரும்பு. எடை இரண்டு அச்சிலும் சமமாக இறங்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள். ஆகவே அலுமினியத்தையும் அளக்கக்கூடிய பெயின்ட் அளவி வேண்டும். இன்னொன்று, முன்பக்கம் அடிபட்டிருந்தால் நம் ஏரியா டிங்கரிங் கடையில் கேஸ் வெல்டிங் வைத்துத் தட்டி எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அலுமினியத்தில் அந்த வேலை செல்லாது. பானட்டைத் திறந்து ஓரங்களில் போல்ட் தலைகளைப் பாருங்கள். ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

கர்நாடகா பதிவு என்பதால் இன்னொரு கேள்வி. 2022 செப்டம்பரில் பெங்களூர் வெளிவட்டச் சாலைப் பக்கம் வெள்ளம் வந்தபோது விலையுயர்ந்த கார்கள் பல மூழ்கிப்போயின. உங்கள் வண்டி அப்போது எங்கே நின்றது? இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் வரலாற்றைக் கேளுங்கள். டிடியின் பேட்டரி டிக்கியின் தரைக்கு அடியில் இருக்கிறது. அந்தப் பலகையைத் தூக்கிப் பாருங்கள், பேட்டரியைச் சுற்றி வண்டல் கோடு, பச்சை பூத்த ஒயர் முனை தெரிந்தால் தண்ணீர் வந்து போயிருக்கிறது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். மேலே சுத்தமாக இருக்கும், கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கறை காட்டிக்கொடுத்துவிடும். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துருவும் பாருங்கள்.

வெள்ளத்தைப் பற்றித் திருவொற்றியூர்க்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எண்ணூர் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்து சுவரெல்லாம் கறுப்புக்கோடு போட்டுவிட்டுப் போனதே. அந்த மாதிரி நாளில் ஸ்விஃப்டே தடுமாறும், டிடி அதைவிடத் தாழ்வு. மாணிக்கம் நகர் சுரங்கப்பாதையிலோ கணேசபுரம் சுரங்கப்பாதையிலோ தண்ணீர் நிற்கிறது என்றால் முழங்கால் அளவுதான் என்று இறங்கிவிடாதீர்கள். எஞ்சின் ஒரு மடக்கு தண்ணீரை உறிஞ்சினால் போதும், கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்வதுதான் பெரும்பாலும் எஞ்சினைக் கொல்கிறது. இன்ஷூரன்ஸில் இதற்காக எஞ்சின் பாதுகாப்பு என்று கூடுதலாக ஒன்று உண்டு. ஆனால் இவ்வளவு வயதான வண்டிக்குப் பெரும்பாலும் கொடுக்க மாட்டார்கள். பார்ட்ஸுக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப்ரிசியேஷனும் அப்படித்தான். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் 1,500 சிசிக்கு மேல் என்பதால் 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி வருடத்துக்கு 7,897 ரூபாயும் வரியும், அது கட்டாயம். சொந்தச் சேதத்துக்கு வண்டியின் மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். வாங்குவதற்கு முன்பே இரண்டு மூன்று கம்பெனியில் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

கடற்காற்று இன்னொன்று. காசிமேட்டில் இருந்து எண்ணூர் வரை கடலோரம் நிற்கும் வண்டிகளின் அடிப்பாகத்தை நான் வருடக்கணக்கில் பார்க்கிறேன். பிரேக் டிஸ்க், சைலன்சர் கொக்கி, ஒயர் இணைப்பு, எல்லாம் அம்பத்தூர் வண்டியைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை அடிப்பாகத்தில் நல்ல தண்ணீர் பீய்ச்சினால் பெரிய வித்தியாசம் தெரியும்.

நிறுத்துமிடம் பற்றிக் கடிதத்தில் "தெரு குறுகல்" என்று இரண்டே வார்த்தை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. டிடியின் கதவு நீளமானது, இரண்டே கதவு அல்லவா. குறுகிய தெருவில் பக்கத்து பைக்கில் இடிக்காமல் திறக்க முடியுமா? ஸ்விஃப்டை நிறுத்தும் இடத்தில் கதவைப் பாதி திறந்து இறங்கிப் பார்த்துப் பழகுங்கள், புரியும். அப்புறம் பெருச்சாளி. கால்வாய் ஓரத் தெருவில் நிறுத்தும் வண்டிகளில் மாதம் ஒன்றாவது ஒயர் கடித்து என் ஷெட்டுக்கு வருகிறது. ஸ்விஃப்டில் ஒயரை ஒட்டிக் கொடுத்துவிடலாம். டிடியில் ஒரு சென்சார் ஒயர் அறுந்தால் டேஷ்போர்டில் நான்கு விளக்கு எரியும், எந்த ஒயர் என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் ஆகும். மூடிய ஷெட் வாடகைக்குக் கிடைத்தால் எடுத்துவிடுங்கள். கிடைக்கும்வரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

பேப்பர் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். முதலில் கர்நாடகா ஆர்டிஓவில் என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று வேண்டும். இங்கே பதிவு மாற்றும்போது தமிழ்நாடு லைஃப் டாக்ஸ் கட்ட வேண்டும். நீங்கள் பதினான்கரை லட்சம் கொடுத்து வாங்கினாலும் வரிக்கு அடிப்படை புது வண்டியாக இருந்தபோது இருந்த விலை. வயதுக்கு ஏற்ப விகிதம் குறையும், ஆனாலும் அசல் விலை பெரியது என்பதால் லட்சக்கணக்கில் வரலாம். ஆர்சி நகலை எடுத்துக்கொண்டு ஆர்டிஓ ஆபீஸில் தொகையைக் கணக்குப் போட்டு வாங்குங்கள், டீலர் சொல்லும் தொகையை நம்பாதீர்கள். அடுத்து, 2012 பதிவு என்றால் 2027-ல் பதினைந்து வருடம் முடிகிறது. பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இருந்து சாதாரணக் காருக்கு அந்தக் கட்டணம் 5,000 ரூபாய், இறக்குமதிக் காருக்கு 40,000 ரூபாய். அதோடு பசுமை வரியும் தகுதிச் சோதனையும். டீலர் இதை உங்களிடம் சொன்னாரா? சொல்லியிருந்தால் ஐம்பதாயிரம் குறைப்பதைப் பெரிதாக எழுதியிருக்க மாட்டீர்கள்.

ஆடித் தள்ளுபடியில் ஆடி கார்! இந்த மாதம் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள், கடையும் ஈயோட்டும். நீங்கள் அவசரப்பட வேண்டிய மாதமே இதில்லை. ஆவணியில் போனாலும் அந்தச் சிவப்பு வண்டி அங்கேயே நிற்கும் என்று என் மனதுக்குப் படுகிறது. கர்நாடகா பதிவு இறக்குமதிக் காரைச் சென்னையில் விற்பது அவருக்கும் சுலபமில்லை.

பெட்ரோல் கணக்கைப் பார்ப்போம். மாதம் 26 நாள், 44 கி.மீ., ஏறக்குறைய 1,150 கி.மீ. அந்த நெரிசலில் டிடி லிட்டருக்கு ஏழரை கொடுத்தால் பெரிய விஷயம். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் மாதம் பதினைந்தாயிரத்துக்கு மேல். ஸ்விஃப்டில் அதில் பாதி. இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2012-ல் இந்த வண்டி அதற்காகச் செய்யப்படவில்லை. பயந்து ஓட வேண்டாம், ஆனால் பெட்ரோல் குழாய்களின் ரப்பர், ஹை பிரஷர் பம்பின் சீல் இவற்றை வருடம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். வண்டி மாதக்கணக்கில் நின்றால் டேங்கை நிரப்பி வையுங்கள். பாதி டேங்கில் ஈரம் சேரும்.

கடன் விஷயம் ஒரே வரி. பதின்மூன்று வயது வண்டிக்கு வாகனக் கடன் கிடைப்பது கஷ்டம், பர்சனல் லோன் என்று போனால் வட்டி அதிகம், வேண்டாம். வண்டி விலை போக இரண்டு லட்சம் கையில் தனியாக இருக்க வேண்டும், அதுவும் முதல் வருடத்துக்கு மட்டும். டென்ஷனர், கியர்பாக்ஸ் ஆயில், ஹால்டெக்ஸ் ஆயில், டயர், பேட்டரி, புஷ் எல்லாம் அதற்குள் வந்துவிடும் என்பது என் அனுபவக் கணக்கு. 68,000 கி.மீ. என்பதும் பெரிய சந்தோஷமில்லை. வருடத்துக்கு ஐயாயிரம்தான் ஓடியிருக்கிறது என்றால் அதிக நாள் நின்றிருக்கிறது. நின்ற வண்டியில் ரப்பர்தான் முதலில் செத்துப்போகும். ஸ்டீயரிங் தோல், பிரேக் பெடல் ரப்பர், ஓட்டுநர் சீட்டின் வலது ஓரம் இவை 68,000-க்கு அதிகமாகத் தேய்ந்திருந்தால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள்.

ஸ்விஃப்டையும் வைத்துக்கொண்டு, கடனும் வாங்காமல், ஷெட்டும் பிடித்து இதை வாங்க முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஒரே வண்டிதான் முடியும், அதிலும் கொஞ்சம் சுறுசுறுப்பு வேண்டும் என்றால் 2020-ல் இருந்து 2022 வரை வந்த போலோ 1.0 டிஎஸ்ஐ மேனுவல் பாருங்கள். 110 குதிரைத்திறன், ஆறு கியர், நான்கு கதவு. அம்பத்தூர் நெரிசலிலும் அலுக்காது. ஸ்விஃப்டை விற்று அதை வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

வாங்க முடிந்தால் டிடியை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். என் சித்தப்பா எண்பதுகளில் என்னை சைக்கிளில் உட்காரவைத்து சோழவரம் ரேஸுக்குக் கூட்டிப்போவார். உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் அது. வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் நின்று பெட்ரோல் வாசனையை மூக்கு நிறைய இழுத்துத்தான் நான் மெக்கானிக் ஆனேன். இப்போது ரேஸ் எல்லாம் இருங்காட்டுக்கோட்டையில். ஆனால் காலை ஐந்தரைக்குத் திருவொற்றியூரில் கிளம்பி, மாதவரம், செங்குன்றம், காரனோடை வழியாகக் கும்மிடிப்பூண்டி வரை போய் டீ குடித்துவிட்டு எட்டு மணிக்குள் திரும்பினால், அந்த வண்டியை எதற்காக வாங்கினீர்களோ அது முழுசாகக் கிடைக்கும். அந்த நேரத்தில்கூட லாரிக்காரர்கள் இருப்பார்கள், வேகம் காட்ட வேண்டாம்.

வண்டி பார்க்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிப்போங்கள். முன்சீட்டில் உட்காரவைத்து, யாரும் கை கொடுக்காமல் இறங்கச் சொல்லுங்கள். பின்சீட்டில் உங்கள் மகளுக்கு இடம் உண்டு, மனைவிக்கு இல்லை. அதையும் அவர் நேரில் பார்க்கட்டும். அதன்பிறகு லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் படமெடுத்து, ஸ்கேன் ரிப்போர்ட்டோடு எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு விலையில் எவ்வளவு கழிக்கலாம் என்று சொல்கிறேன்.